யாரைக் கை கழுவ?

அந்தக் கடையில் கை கழுவும் பேசின் வாங்குகிறவர்கள், யாரைக் கை கழுவப் போகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முகம் கழுவ மட்டும் என்றால் வேறு மாடி.

செண்பகம் கணவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போயிருந்தாள். சிவசைலத்துக்குப் பக்கவாதம் வந்து வருஷங்கள் ஓடிவிட்டன. அவர்மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அலுப்புதான். திருப்பிப் போட்டு, துடைத்து, ஊட்டி, மறுபடி திருப்பிப் போட்டு.

"யாரைம்மா?" என்றார் கடைக்காரர்.

"இவங்களைத்தான்."

"வணக்கம் சார்."

"வணக்கம்," என்றார் சிவசைலம். "மேடைமேல உக்காருத பேசினா காட்டுங்க. பதிக்கிறது வேண்டாம், இடுக்குல அழுக்கு சேரும்."

கறுப்பில் ஒன்று காட்டினார்கள்.

"வெள்ளையே எடு ஏட்டி. கறுப்புல உப்புக்கறை தெரியும்."

"தெரிஞ்சா உங்களுக்கென்ன? நீங்க இருக்கமாட்டீங்க."

"அதுக்காக?"

கடைக்காரர் பராமரிப்பைச் சொன்னார். ஆசிட் ஊற்றக் கூடாது. கம்பிநார் ஆகாது. கழுவியதும் மெல்லிய துணியால் ஈரத்தை ஒத்தி எடுத்துவிட வேண்டும்.

"எடுக்கலைன்னா?"

"கழுவிவிட்ட ஆளுங்க விளிம்புல கறைத் திட்டா வந்து உக்காந்துருவாங்க. போன வாரம் ஒரு மாமியார் அப்படி வந்து காபி கேட்டாங்களாம்."

சிவசைலம் படுத்தபடியே கண்ணால் அளந்தார். "உயரம் ஜாஸ்தி. மேடையை இறக்கிக் கட்டச் சொல்லு. உனக்குத் தோள் வலிக்கும்."

செண்பகத்துக்கு எரிச்சல் வந்தது.

பேசின் வைத்த பிறகு குளியலறை நீண்டுவிட்டது. காலையில் உள்ளே நுழைந்தவள் பேசினைச் சேரும்போது வெயில் சாய்ந்திருந்தது. கையைத் தூக்கிச் சோப்பு போட்டாள். நுரை முழங்கைவரை வழிந்தது. குழாயைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

"ஏட்டி, முடிஞ்சுதா?" கட்டிலிலிருந்து குரல் வந்தது. காதருகில் கேட்டது.

"சோப்பு போட்டிருக்கேன்."

"தோள் வலிக்கா?"

"வலிக்கு."

"சொன்னேம்லா."

குழாயில் வைத்த கை அப்படியே இருந்தது.

"நான் இன்னும் இருக்கேனா?"

"இருக்கீங்க."

"அப்போ பசிக்கு."

நுரைக் கையோடு திரும்பினாள். திரும்பும்போது தூரமே இல்லை. அவரைத் திருப்பிப் போட்டாள். வழுக்கினார். அதே கையால் சாதம் பிசைந்து ஊட்டினாள்.

"சோப்பு வாடை அடிக்கு."

"சாப்பிடுங்க."

மென்றார். வாயோரம் ஒரு குமிழி வந்து உடைந்தது.

"நாளைக்காவது கழுவிருவியா?"

"நாளைக்குத் தண்ணி வராது."