துண்டு மடிக்கும் ஷாட்

எடிட்டிங் அறையின் வெள்ளைப் பலகையில் டைரக்டர் ஒரு மலை வரைந்து வைத்திருந்தார். இடப்பக்க அடிவாரத்தில் ‘மக்கு’ என்று எழுதியிருந்தார். உச்சியில் ‘மேதை’. வலப்பக்க அடிவாரத்தில் ‘மறுபடியும் மக்கு’. மொத்தப் படமும் அவ்வளவுதான். சலவைக்கூடத்தில் துண்டு மடிக்கிற ஒருவனின் மண்டைக்குள் ஒரு கம்ப்யூட்டர் சில்லு வைக்கிறார்கள். அவன் மளமளவென்று மலை ஏறுகிறான். இடைவேளையில் உச்சியில் நிற்கிறான். பிறகு சில்லு கருகி, உருண்டுவந்து, புறப்பட்ட இடத்திலேயே விழுகிறான். யார் வந்தாலும் டைரக்டர் அந்தக் கோட்டை மார்க்கர் பேனாவால் தடவித் தடவிக் காட்டுவார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படித் தடவியிருக்க மாட்டார்.

பலகைக்கு நேர் எதிரே ஒரு பழைய சோபா. அதில் எடிட்டரின் அண்ணன் உட்கார்ந்திருப்பான்.

அம்மா போனபிறகு அவனைத் தனியாக வீட்டில் விட முடியவில்லை. அதனால் எடிட்டர் அவனை வேலைக்குக் கூடவே கூட்டிவந்தாள். அவளைவிட மூத்தவன், தலை நரைத்துவிட்டது. ஆனால் சட்டைப் பித்தானை மேலிருந்து போடுவதா கீழிருந்து போடுவதா என்று ஒவ்வொரு நாள் காலையிலும் புதிதாகத்தான் யோசிப்பான். யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது. மடிக்க ஏதாவது கொடுத்தால் போதும், சொர்க்கம். சோபா உறை, துடைக்கும் துணி, எடிட்டரின் துப்பட்டா, எது கிடைத்தாலும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தி வைப்பான்.

பலகையில் எழுதிய அன்று அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். “ம... க்... கு. பாப்பா, இது ஸ்கூல்ல என்னைக் கூப்பிடுறது!” என்று தெரிந்தவரைக் கூட்டத்தில் கண்டதுபோலச் சிரித்தான். டைரக்டரும் சிரித்தார். எடிட்டர் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும்.

அவள் செய்த தப்பு என்னவென்றால், எடிட்டர்கள் எல்லாரும் செய்கிற ஒரு காரியத்தை அவளும் செய்தாள். இன்னும் எடுக்காத காட்சிக்குப் படத்தில் ஓட்டை விடக்கூடாது. முறையாகச் செய்வதென்றால் அந்த இடத்தில் ஒரு கறுப்புத் திரை வைத்து, ‘காட்சி பாக்கி’ என்று வெள்ளை எழுத்தில் போட வேண்டும். ஆனால் கறுப்பைப் பார்த்தால் சில டைரக்டர்களுக்குக் கோபம் மூக்குக்குமேல் வந்துவிடும், நம்மவர் அந்த ரகம். அதனால் கையில் கிடைத்ததைப் போனில் எடுத்து இடத்தை அடைப்பார்கள். மாடிப்படி, வாட்ச்மேன் நடந்துபோவது, வீட்டுப் பூனை, இப்படி எதையாவது. உண்மைக் காட்சி வந்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

ஹீரோவாக நடித்த நட்சத்திரம் மேதைக் காட்சிகளுக்கெல்லாம் டாண் என்று வந்து நின்றார். மக்குக் காட்சி என்றால் மட்டும் அவருக்குத் தலைவலி, முதுகுவலி, வெளியூர்ப் பயணம். அழுக்குச் சட்டை போட மனசு வரவில்லை என்று வெளியே சொல்ல முடியுமா? ஓட்டை அப்படியே கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சாப்பாட்டு மேசைமேல் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்ததை எடிட்டர் போனில் எடுத்தாள். மடித்தான், அழுத்தினான், அடுக்கின்மேல் வைத்தான். பிறகு நிமிர்ந்து, “சரியா இருக்கா பாப்பா?” என்று கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு கேமராவுக்கு இல்லை, தங்கைக்கு. மறுநாள் ஒலியை எடுத்துவிட்டு அதை ஓட்டையில் செருகினாள்.

டைரக்டர் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

“யாருங்க இது? பிச்சு உதறுறான்!”

பிச்சு உதறியவன் அவர் முதுகுக்குப் பின்னால் சோபாவில் காலாட்டிக்கொண்டிருந்தான்.

“எங்க அண்ணன் சார். சும்மா இடம் அடைக்க வெச்சேன். எடுத்துடறேன்.”

“இருக்கட்டும், இருக்கட்டும். ஹீரோ வந்து நடிச்சதும் தூக்கிடலாம்.”

கொஞ்ச நாள் கழித்து, ஹீரோ வந்து நடித்துக் கொடுத்துவிட்டார் என்றார். புதுக் காட்சி நேராக கிராபிக்ஸ் ஆட்களிடம் போயிருக்கிறதாம், அங்கேயே படத்தில் சேர்த்துவிடுவார்களாம். எடிட்டரும் நம்பினாள். வேலை மிச்சம் என்று சந்தோஷம் வேறு.

தயாரிப்பாளருக்கும் தெரிந்தவர்களுக்கும் படம் போட்டுக் காட்டுகிற நாளில் அண்ணனையும் கூட்டிப்போனாள். சின்னத் தியேட்டர். முன் வரிசையில் நட்சத்திரம், பக்கத்தில் படத்துக்குப் பணம் போட்ட தயாரிப்பாளர் அம்மா, சுற்றிலும் வேண்டியவர்கள். அண்ணனும் தங்கையும் கடைசி வரிசை.

முதல் ஷாட். ஒரு மேசை. துண்டுகள். மடிக்கிற கைகள். வலது சுண்டுவிரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டிய விரல். கேமரா முகத்துக்குப் போனது. நட்சத்திரத்தின் முகம். அண்ணனின் கழுத்துமேல் அந்த முகத்தை அச்சுக் குலையாமல் உட்கார்த்தியிருந்தார்கள். அது நிமிர்ந்து பார்த்து, அண்ணனின் சிரிப்பைச் சிரித்தது. பின்னால் கேலியாக ஒரு ஊதுகுழல் இசை.

அரங்கம் கொல்லென்று சிரித்தது. ஊரோடு சேர்ந்து அண்ணனும் சிரித்தான். பிறகு அவள் முழங்கையைப் பிடித்தான்.

“பாப்பா, அது என் கை.”

“ஆமாண்ணா.”

“சட்டையும் என்னுது. மூஞ்சி மட்டும் அவருது.” கொஞ்சம் யோசித்தான். “என் மூஞ்சி எங்க வெச்சாங்க?”

முன் வரிசையிலிருந்து யாரோ, “என்ன ஆக்டிங்! விரல்கூட நடிக்குதுப்பா!” என்று வாய்விட்டுச் சொன்னார்கள். நட்சத்திரம் அடக்கமாக நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். அந்த அடக்கத்தைப் பார்த்ததும் எடிட்டருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த ஆள் வாழ்நாளில் ஒரு துண்டு மடித்திருப்பாரா? துவட்டிவிட்டுத் தரையில் போடுகிற கை அது. எழுந்து கத்தலாம் என்று பார்த்தாள். அண்ணன் அவள் முழங்கையை விடவில்லை. அவனுக்குப் படம் பிடித்திருந்தது.

திரையில் சில்லு வைத்தார்கள். நாயகன் சூத்திரங்களாகப் பேசினான், வங்கிகளைக் கதிகலங்க வைத்தான், அழகான பெண்ணுக்குப் பத்து மொழிகளில் காதல் சொன்னான். உச்சியில் நின்றான். இடைவேளை. விளக்கு எரிந்ததும் அண்ணன் கேட்டான்.

“நான் எங்க போனேன் பாப்பா?”

“யாருண்ணா?”

“துண்டு மடிச்சேன்ல, அப்புறம் தலையில என்னமோ வெச்சாங்க. அப்புறம் நான் வரவே இல்லையே. எங்க போனேன்?”

இந்தப் படத்தைக் காட்சி காட்சியாக வெட்டி ஒட்டியவள் அவள். நாயகனுக்கு அறிவு ஏறஏற அந்தத் துண்டு மடிக்கிறவன் எங்கே போகிறான் என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. ஏறுகிறவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டைரக்டர் மேலிருந்த கோபத்தில் பாதி அப்போது அவள் மேலேயே திரும்பியது.

இடைவேளை முடிந்தது. துரத்தினார்கள், ஓடினான், சில்லு கருகியது. நாயகன் மழையில் விழுந்து கிடந்தான். திரை மெல்ல இருண்டு, மெல்ல வெளுத்தது. மறுபடியும் மேசை. மறுபடியும் துண்டுகள். அதே ஷாட், ஒரு இம்மி மாறவில்லை. ஊதுகுழலுக்குப் பதில் வயலின், அவ்வளவுதான் வித்தியாசம். மடித்தான், அழுத்தினான், நிமிர்ந்து சிரித்தான்.

சிரித்த அதே வாய்களெல்லாம் இப்போது விசும்பின. தயாரிப்பாளர் அம்மா மூக்கைச் சிந்தினார். ஐயோ, இப்படி ஆகிவிட்டானே என்று ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணன் மட்டும் எழுந்து நின்றுவிட்டான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“பாப்பா! நான் திரும்பி வந்துட்டேன்!”

சுற்றிலும் பார்த்தான். சந்தோஷம் மெதுவாகக் குழப்பமானது.

“நான்தானே வந்திருக்கேன்? ஏன் எல்லாரும் அழறாங்க?”

அதற்குமேல் எடிட்டரால் உட்கார முடியவில்லை. விளக்கு போட்டதும் டைரக்டர் பல்லெல்லாம் தெரிய அவளிடம்தான் ஓடிவந்தார்.

“பார்த்தியா, பார்த்தியா? மொதல்ல சிரிப்பு, கடைசில அழுகை, ஒரே ஷாட்டு! மலை எப்படி வேலை செய்யுது பாரு!”

“அது எங்க அண்ணன்.”

“தெரியும்மா. நன்றி கார்டுல பேர் போட்டுடலாம்.”

“எங்க அண்ணனா இருக்கறது உங்களுக்கு அழுவற விஷயமா?”

“கதையைச் சொல்றேன், நீ ஏன் பர்சனலா எடுத்துக்கறே?”

“அவன் உடம்பை எடுத்து, தலையைத் திருகிப் போட்டுட்டு, வேற ஒருத்தர் மூஞ்சியை ஒட்டி வெச்சிருக்கீங்க. நான் வேற எப்படி எடுத்துக்கணும்? வந்தா சிரிக்கறீங்க. போனா கைதட்டறீங்க. திரும்பி வந்தா எழவு விழுந்த மாதிரி அழறீங்க. அவன் என்ன பாவம் பண்ணான் உங்களுக்கு? அந்த ஷாட்டைத் தூக்குங்க.”

“அந்த ஷாட் இல்லாட்டி எனக்குப் படமே இல்ல!”

“அப்போ படம் இல்ல.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நட்சத்திரம் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நழுவினார். தயாரிப்பாளர் அம்மா கிட்டே வந்தார்.

“எல்லாரும் உணர்ச்சிவசப்படாதீங்க. தம்பி, அவங்க அண்ணன்கிட்ட அனுமதி வாங்கினீங்கல்ல?”

டைரக்டர் கூரையைப் பார்த்தார்.

“எடுத்தது என் போன்ல,” என்றாள் எடிட்டர். “அவனையும் கேக்கல, என்னையும் கேக்கல. இது வெளியில போச்சுன்னா நேரா கோர்ட்டுக்குத்தான் போவேன்.”

மனசாட்சி என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா தோளைத் தட்டி அனுப்பியிருப்பார். கோர்ட் என்றதும் காது பளிச்சென்று திறந்துகொண்டது. “மொதல்ல அதைத் தூக்குங்க,” என்றார். அந்த நியாயம் அண்ணனுக்காக வந்ததில்லை என்பது எடிட்டருக்கும் தெரியும். எதற்காக வந்தாலும் சரி என்று அண்ணனைக் கூட்டிக்கொண்டு எடிட்டிங் அறைக்கு நடந்தாள்.

தியேட்டரில் போட்ட அதே படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தாள். முதல் துண்டு ஷாட்டை எடுத்தாள். கடைசித் துண்டு ஷாட்டை எடுத்தாள். இரண்டு ஓட்டைகளிலும் கறுப்புத் திரையை வைத்து, ‘காட்சி பாக்கி’ என்று எழுதினாள். டைரக்டர் வாசலில் நின்று, இந்தத் தொழிலில் இனி அவளை யார் சேர்த்துக்கொள்கிறார்கள் பார்க்கிறேன் என்று கத்திக்கொண்டிருந்தார். கத்தியதில் அவருக்கே புரையேறியது. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். போகிறபோக்கில் பலகை துடைக்கும் துணியை எடுத்து மலையை அடிவாரத்தோடு அழித்தாள். துணியை அண்ணன் கேட்டு வாங்கி, ஓரம் சேர்த்து மடித்து, ஒரு அழுத்து அழுத்தி, டைரக்டரின் நாற்காலிமேல் வைத்தான்.

படியிறங்கும்போது அவன் கேட்டான்.

“பாப்பா, நான் படத்துலேர்ந்து போயிட்டேனா?”

“ஆமாண்ணா, போயிட்டே.”

“இப்ப யாரும் அழ மாட்டாங்கல்ல?”

மேலே டைரக்டர் யாரிடமோ போனில் மூக்கடைத்த குரலில் புலம்புவது படிக்கட்டு வரைக்கும் கேட்டது. அண்ணன் நின்று, காதைத் தீட்டிக் கேட்டான்.

“அவரு அழறாரு பாப்பா.”

“அழட்டும்,” என்றாள் அவள்.