பதினோரு மாதப் பட்டம்

ஒரே வெட்டில் அறுந்து விழும் பெல்ட் வேண்டும் என்று இங்கிலாந்திலிருந்து ஆர்டர் வந்திருந்தது. பதினெட்டு வருஷமாக ஆம்பூரில் பெல்ட் செய்கிறவன் நத்தானியேல். அறாத பெல்ட் செய்யத்தான் அவனுக்குத் தெரியும். இது தன் சோற்றில் தானே மண்ணை அள்ளிப் போடுகிற வேலையாக இருந்தது.

பக்கிளுக்கு நாலு விரல் தள்ளி, தோலின் உட்புறத்தைக் கத்தியால் இழைத்து இழைத்துக் காகிதக் கனத்துக்குக் கொண்டுவந்தான். வெட்டிப் பார்த்தான். பாதி அறுந்து தொங்கியது. நாலாவது சாம்பிளும் போச்சு.

கை வேலையில் இருந்தது, மனசு வாசலில் இருந்தது. மத்தியானம் மொதலாளி நிசார் அஹமது சென்னையிலிருந்து வருகிறார்.

நேற்று ஒடுகத்தூர் பக்கத்துப் பெண்கள் இருபத்திரண்டு பேர் தையல் மிஷினை நிறுத்திவிட்டார்கள். ஓவர்டைம் முடிந்து ரெண்டு பஸ் மாறி வீடு போய்ச் சேர ராத்திரி ஒன்பதரை ஆகிறது, கம்பெனி பஸ் விட்டால்தான் தைப்போம் என்றார்கள். சனிக்கிழமை கண்டெய்னர் ஏற்ற வேண்டும். மொதலாளிக்கு மூன்று தடவை போன் அடித்தான். எடுக்கவில்லை. “சரிம்மா, திங்கக்கெழமைலேர்ந்து பஸ் வரும். என் பொறுப்பு” என்று சொல்லிவிட்டான். சூப்பர்வைசர் ஆகி நாலு மாசம்தான். பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அவனுக்குத்தான் அதிலிருந்து உட்கார முடியவில்லை.

வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்க்கிற அம்பரீன் ஒரு காகிதத்தோடு வந்தாள்.

“இன்னாத்துக்கும்மா இது? வாங்கி வாங்கி அறுக்கறதுக்கா?”

“நாடகம்ணா. எழுநூறு வருஷத்துக்கு முந்தின கதை. ஆண்ட்ரூ ஹார்க்ளேனு ஒருத்தர், ராஜாவுக்காக சண்டை போட்டு ஜெயிச்சாரு. ராஜா அவர் இடுப்புல வாளைக் கட்டி, கார்லைல் ஊருக்கு ஏர்ல்னு பட்டம் குடுத்தாரு. நம்ம பக்கத்துப் பாளையக்காரர் மாதிரி வச்சுக்கங்க. பதினோரு மாசம்தான். வாளைப் புடுங்கி, தூக்குல போட்டுட்டாங்க. நாடகத்துல ஜனங்களுக்குத் தெரியணும்னு வாள் கட்டின பெல்ட்டையே வெட்டறாங்களாம்.”

“இன்னா தப்பு பண்ணாரு?”

“ஸ்காட்லாந்துக்காரங்க வந்து வந்து ஊரைக் கொளுத்திட்டிருந்தாங்க. ராஜாவால ஒண்ணும் ஆவல. இவரே போய் சமாதானம் பேசிட்டாரு, ராஜாவைக் கேக்காம.”

கத்தி நின்றது. அம்பரீன் அவன் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ணா, நம்ம பாய் அப்படியெல்லாம்…”

“நீ போம்மா.”

அவள் கதவருகே போனதும் கூப்பிட்டான். “அந்த சமாதானம் இன்னா ஆச்சு?”

காகிதத்தைப் புரட்டினாள். “ரெண்டு மூணு மாசத்துல ராஜாவே பண்ணிக்கிட்டாராம். பதிமூணு வருஷத்துக்கு சண்டை இல்லன்னு.”

“ஆளு போனப்புறமா?”

“ஆமாண்ணா.”

அஞ்சாவது சாம்பிளை மாடி அறையில் மொதலாளியே வெட்டிப் பார்த்தார். ஒரே இழுப்பில் விழுந்தது.

“ஷாபாஷ்!” என்றவர் கத்தியை மேசைமேல் வைத்தார். “பஸ்ஸுன்னு யாரைக் கேட்டு சொன்ன?”

“போன் பண்ணேன் சார், நீங்க…”

“எடுக்கலைன்னா நீ மொதலாளியா? இன்னிக்கு பஸ்ஸு, நாளைக்கு பிரியாணியா? போய் சொல்லு, வாய் தவறி சொல்லிட்டேன்னு. முடியாதுன்னா சூப்பர்வைசர் வேலை உனக்கு ஜாஸ்தி. பழையபடி பெல்ட் டேபிள்ல உக்காரு.”

நத்தானியேல் படி இறங்கினான். இந்த வேலை கிடைத்ததற்கு அவன் மனைவி பொன்மலர் சபையில் எழுந்து நின்று, கர்த்தர் கொடுத்தார் என்று சாட்சி சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கை போட்டிருந்தாள். சொன்ன சாட்சியை எப்படித் திருப்பி வாங்குவது? ‘வாய் தவறி, வாய் தவறி’ என்று ஒவ்வொரு படியிலும் சொல்லிப் பழகினான். மூணு வார்த்தைகூட இல்லை. சொல்லிவிடலாம்.

தையல் ஹாலில் முன் வரிசை ஜோதிதான் பெண்களுக்காகப் பேசுகிறவள். “இன்னா மாஸ்டரு, மொதலாளி பஸ்ஸுக்கு மாலை போட்டாரா, உங்களுக்குப் போட்டாரா?” என்றாள். நாலு பேர் சிரித்தார்கள்.

“பஸ் விட மாட்டேன்றாரு” என்றான். “வாய் தவறி சொன்னேன்னு சொல்லச் சொன்னாரு. வாய் தவறல. தெரிஞ்சேதான் சொன்னேன். இனிமே நான் சூப்பர்வைசர் இல்ல, அவ்ளோதான்.”

ஜோதி அவனையே பார்த்தாள். பிறகு மிஷின் சுவிட்சை அணைத்தாள். பக்கத்து மிஷின் நின்றது. அப்புறம் பின்வரிசை.

“ஏய், இன்னா பண்றீங்க? நான் நிறுத்தச் சொல்லலையே!”

“உங்களைக் கேட்டா நிறுத்தணும்?” என்றாள் ஜோதி.

கடைசி மிஷினும் நின்றபோது மின்விசிறிச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. மேலே கதவு திறந்தது.

“நத்தானியேல்! மேல வா!”

வேலையை விட்டு அனுப்பவா, பஸ்ஸுக்குச் சரி சொல்லவா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. ரெண்டு ரெண்டு படியாக ஏறினான்.