பூட்டு கழற்றிய கதவு

மேசையை வெளியே எடுத்தால்தான் முன்னறையில் உடலைக் கிடத்த இடம் கிடைக்கும். பெரியப்பா மகன் ஒரு அட்டைப்பெட்டியை மேசையோரமாகப் பிடித்துக்கொண்டு, மேலே கிடந்த ஒயர்களையும் சின்னச் சின்ன சர்க்யூட் போர்டுகளையும் முழங்கையால் ஒரே தள்ளாகத் தள்ளப் போனார்.

“கை வைக்காதீங்கண்ணே,” என்றாள் அவள்.

“வண்டி தெருமுனைக்கு வந்தாச்சும்மா. இப்பப் போயி இதையெல்லாம் பார்த்துக்கிட்டு…”

“கொஞ்சம் நிக்கட்டும். நானே எடுக்கறேன்.”

செத்துப்போனவன் அவளுடைய தம்பி. விடியற்காலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஏறி இறங்கிக்கொண்டிருந்த மூச்சு ஒரு தடவை இறங்கியதும் அப்படியே நின்றுவிட்டது. சின்ன வயதில் வீட்டிலிருந்த ரேடியோ, மின்விசிறி எதையும் விட்டுவைக்காமல் பிரித்துப் போட்டு ‘வயரு’ என்று பெயர் வாங்கியவன். வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆன பிறகும் அந்தப் பெயர்தான் நிலைத்தது. இதயம் பழுதாகி, இனி ஏணிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், வேலையை விட்டு இந்த மேசையில் வந்து உட்கார்ந்தான்.

மேசைமேல் இருந்த பார்கோடு ஸ்கேனரைத் துணியில் சுற்றினாள். போர்டு பொருத்திய பிளாஸ்டிக் டப்பாவையும் அடாப்டர்கள் இரண்டையும் எடுத்துத் தன் தோள்பைக்குள் வைத்தாள். பிறகுதான் மேசையைத் தூக்க விட்டாள்.

உடலைக் கிடத்தினார்கள். தம்பி மனைவி தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழுதழுது அவள் தொண்டை கட்டியிருந்தது. தாய்மாமா வந்துசேரச் சாயங்காலம் ஆகும், அதன்பிறகுதான் எடுப்பது என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் பெண்கள் காப்பகத்தின் மேட்ரன் வந்தார். காலடியில் நின்று பார்த்தார். உடனே திரும்பினார். அக்கா அவர் பின்னாலேயே வாசல்வரை போனாள்.

“கதவு எப்படி இருக்கு?”

“இப்ப அதைப் பேசற நேரமாம்மா?”

“சொல்லுங்க.”

மேட்ரன் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டார். “சங்கிலி சுத்தி வச்சிருக்கோம். ராத்திரி பூரா நாற்காலியைக் கதவோட போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஆளு காலையிலேருந்து எதிர்க்கடையில நிக்கறான். போலீஸ் வந்துச்சு. ரோட்டுல நிக்கறவனை என்ன செய்யறதுன்னு கேட்டுட்டுப் போயிடுச்சு.”

அந்த ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும். போன மாதம், காப்பகத்தில் தங்கியிருந்த தன் மனைவி எப்படியோ தொலைத்த வாசற்சாவியைக் கண்டெடுத்து, அதற்குக் கள்ளச்சாவியும் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் காப்பகத்துக்குள் நுழைந்தவன். மனைவியை முடியைப் பிடித்துப் படிகளில் இழுத்துக்கொண்டு போனான். தெருவில் நாலு பேர் மறித்ததால்தான் அவள் மிஞ்சினாள்.

அதைக் கேட்ட அன்றே தம்பி, அக்கா வேலை பார்க்கும் பெரிய மளிகைக்கடைக்கு வந்து, பில் கவுண்டர் எதிரே நின்று, அவள் ஒவ்வொரு பொருளாக ஸ்கேனரில் காட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ சோப்புக்குச் செய்யறதை நான் மனுசங்களுக்குச் செய்யப் போறேன்,” என்றான்.

“சோப்பு எதிர்த்துப் பேசாதுடா.”

“கதவும் பேசாது.”

கடையில் ஒதுக்கிப்போட்ட ஸ்கேனர் ஒன்றை மேலாளரிடம் கேட்டு அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் பார்கோடு அச்சடித்த ஓர் அட்டை. கதவுக்கு வெளியே ஸ்கேனரும் ஒரு போர்டும். அட்டையின் எண்ணை அந்தப் போர்டு ரேடியோ அலையில் அனுப்பும். மேட்ரன் அறையில் சின்னத் திரை வைத்த பெட்டிக்குள் இருக்கும் இன்னொரு போர்டு அதை வாங்கிச் சரிபார்த்து, பூட்டைத் திறக்கச் சொல்லும். பழங்காலக் கட்டடம், சுவரைத் துளைத்து ஒயர் இழுத்தால் காரை பெயர்ந்து கொட்டும் என்பதால்தான் ரேடியோ. ‘அட்டையையும் நகலெடுக்கலாமேடா’ என்று அவள் கேட்டதற்கு, ‘எடுக்கட்டும். தொலைஞ்சுதுன்னு சொன்ன அந்த நிமிஷமே அந்த நம்பரை அழிச்சிடுவேன். சாவியை அப்படி அழிக்க முடியுமா?’ என்றான். கை நடுங்கத் தொடங்கியபின் அவன் சொல்லச் சொல்ல இவள்தான் கணினியில் தட்டினாள். புரியாமல் தட்டியது பாதி, சண்டை போட்டுப் புரிந்துகொண்டது மீதி.

முந்தின நாள் மாட்டப் போனார்கள். தச்சர் பழைய பூட்டைக் கழற்றிவிட்டார். புதியதைப் பொருத்தியும் ஸ்கேனர் ‘பீப்’ என்றதே தவிர, பூட்டு அசையவில்லை. அதை நோண்டிக்கொண்டிருக்கும்போதே தம்பி சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். ஸ்கேனரையும் டப்பாவையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதுதான்; விடிந்தபின்தான் அவற்றை வீட்டு மேசையில் எடுத்து வைத்திருந்தாள். வேலை செய்யாத பூட்டோடு கதவு அப்படியே நின்றது.

அவள் உள்ளே போய்த் தோள்பையை எடுத்தாள்.

“எங்க கிளம்பிட்ட?” என்றாள் சித்தி.

“காப்பகத்துக்கு. மாமா வர்றதுக்குள்ள வந்துடுவேன்.”

“கூடப் பொறந்தவ நீ. அவன் இப்படிக் கிடக்கறான். நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

 அவள் பையின் வாரைத் தோளில் சரிசெய்தாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

“போயிட்டு வாங்கண்ணி,” என்றாள் தம்பி மனைவி. குரல் காற்றாகத்தான் வந்தது. சித்தி ஒதுங்கி வழிவிட்டாள்.

அந்த ஆள் நிஜமாகவே எதிர்க்கடையில் நின்றான். சட்டைக் கையை மடித்துவிட்டு, வேலைக்குப் போகிற எவனையும் போலத்தான் இருந்தான். அவள் அவன் பக்கம் திரும்பாமல் ஸ்கேனரைக் கதவோரம் பொருத்திவிட்டு, ஏணியில் ஏறி டப்பாவை மாட்டினாள். நெற்றியில் தையல் தழும்போடு ஒரு பெண் வந்து, நிலைப்படியைத் தாண்டாமலே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவன் மனைவிதான். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அட்டையைக் காட்டினாள். பீப். பூட்டு கம்மென்று இருந்தது.

கதவில் அடித்த இரும்புத் தகடு ரேடியோவை மறைக்கிறதோ என்று தம்பி நேற்று சந்தேகப்பட்டிருந்தான். டப்பாவைத் தகட்டுக்கு மேலே, மரச்சட்டத்துக்கு ஏற்றினாள். துருப்பிடித்த ஆணியோடு மல்லுக்கட்டியதில் கை முழுக்கச் செம்மை அப்பியது. மறுபடியும் பீப். மறுபடியும் ஒன்றுமில்லை.

“வரலையாக்கா?” என்றாள் ஏணியைப் பிடித்திருந்த பெண்.

“வரும்.”

“நாளைக்குப் பார்த்துக்கலாமே. உங்க வீட்டுல…”

“வரும்னு சொன்னேன்ல, நீ கெட்டியாப் பிடி.”

கீழே இறங்கி, டப்பாவில் எரிந்த சின்னப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அட்டையை நீட்டினாள். ஸ்கேனரின் சிவப்பு ஒளி பாய்ந்ததும் பச்சை விளக்கு ஒரு கணம் மங்கியது. இன்னொரு தடவை நீட்டினாள். அப்போதும் மங்கியது.

தோள்பைக்குள் கையை விட்டாள். அடாப்டர் ஒன்று மீதி இருந்தது. மேசையில் அவன் ஸ்கேனருக்குத் தனியாகவும் போர்டுக்குத் தனியாகவும் மின்சாரம் கொடுத்துவைத்திருந்தான். இங்கே ஒரே ப்ளக்தான் இருந்ததால் நேற்று அவசரத்தில் இரண்டையும் ஒன்றிலேயே மாட்டிவிட்டார்கள். ஸ்கேனர் விளக்கு எரிகிற நேரத்தில் ரேடியோவுக்கு மூச்சுத் திணறியிருக்கிறது.

“அடப்பாவி,” என்றாள் சத்தமாக. யாரைச் சொன்னாள் என்று அந்தப் பெண் கேட்கவில்லை.

மேட்ரன் எங்கிருந்தோ நீள ஒயர் வைத்த ஒரு ப்ளக் பெட்டி கொண்டுவந்தார். ஸ்கேனருக்குத் தனி அடாப்டர் போட்டாள். ‘கரண்ட் தனித்தனியா வந்தாலும் மைனஸ் ரெண்டும் கை கோத்திருக்கணும்’ என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொன்னது ஞாபகம் வந்து, அந்த மைனஸ் ஒயர்களையும் முறுக்கி டேப் சுற்றினாள். அட்டையை நீட்டினாள். பீப். உள்ளே ‘டக்’ என்றது. கதவு விரற்கடை அளவு தளர்ந்து நின்றது.

மேட்ரன் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

“இனிமே வெளியிலேருந்து ஒரு ஆள் வந்து பார்க்கணும். உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருகினா எப்பவும் திறக்கும். அட்டை இல்லாம வெளியிலேருந்து திறக்கக் கூடாது,” என்றாள் அவள்.

“நான் போறேன்,” என்றாள் தையல் போட்ட பெண்.

“நீ வேணாம்.”

“நான்தான் போகணும்க்கா.”

அந்தப் பெண் படியிறங்கித் தெருவில் கால் வைத்தாள். பத்தடி நடந்தாள். திரும்பினாள். எதிர்க்கடையிலிருந்து அவன் நகர்ந்ததை உள்ளே இருந்தவர்கள் சன்னல் வழியாகப் பார்த்தார்கள். மேட்ரன் கத்த வாயெடுத்தார். அந்தப் பெண் ஓடவில்லை. படியேறி, அட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஸ்கேனரில் காட்டினாள். பீப். டக். உள்ளே வந்தாள். முதுகால் கதவைத் தள்ளி மூடினாள். பூட்டு விழுந்தது.

அவன் வெளியே கைப்பிடியை இழுத்தான். குலுக்கினான். பிறகு சத்தமே இல்லை. 

பீப்.

எல்லாருக்கும் உயிர் போய் வந்தது. அக்கா மட்டும் மேட்ரன் அறைக்கு ஓடி, பெட்டியின் சின்னத் திரையைப் பார்த்தாள். நீளமான ஓர் எண் வந்து நின்றது. பூட்டு அசையவில்லை.

“பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டறான்,” என்றாள்.

“என்னது?”

“நாளெல்லாம் நான் பில் போடற நம்பருங்க. எனக்குத் தெரியாதா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தையல் போட்ட பெண்தான். சிரித்துக்கொண்டே கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். வெளியே பீப் பீப் என்று கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஓர் உதை. பிறகு படியிறங்கிப் போகும் செருப்புச் சத்தம். மேட்ரன் போனை எடுத்து, இந்தத் தடவை கதவை உதைத்தான் என்று போலீசுக்குத் தெளிவாகச் சொன்னார்.

எல்லாருடைய அட்டையையும் ஒவ்வொன்றாகச் சோதித்து முடித்தபிறகுதான் அவள் கிளம்பினாள். தெருவில் நடக்கும்போது கால் தன்பாட்டுக்கு வேகமெடுத்தது. வீட்டு முனையில் தாய்மாமாவின் வண்டி நின்றிருந்தது. வாசலில் ஆண்கள் எழுந்து நின்று, எடுக்க வேண்டிய ஏற்பாடுகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். சித்தி அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் நேராகப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

“திறந்துச்சா அண்ணி?” என்றாள் தம்பி மனைவி.

“திறந்துச்சு.”

“மூடுச்சா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேசைப் பக்கமே இவள் வந்ததில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

“மூடுச்சும்மா.”

தம்பி மனைவி பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். பிறகு அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அப்பியிருந்த துருவைச் சேலைத் தலைப்பால் ஒவ்வொரு விரலாகத் துடைக்கத் தொடங்கினாள்.