சிரித்தபடி விற்கப்பட்ட இரண்டு காலண்டர்கள்

1

ஒரு புன்னகையின் விலை மணிக்கு இரண்டு டாலர் பன்னிரண்டு சென்ட். வகுத்ததில் மிஞ்சிய பின்னத்தை அவள் பக்கமே தள்ளியிருக்கிறேன். எங்கள் கடையில் வழக்கமாக அது எங்கள் பக்கம் வரும்.

இந்தக் கதை எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பெண்ணிடம் பேரம் பேசி, அவளை ஐந்து டாலர் நஷ்டத்தில் விற்க வைத்தேன். அன்று மத்தியானம் அதைச் சாதனை என்று நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன்.

என் பெயர் நாஸிஃப். ஏரிக்கரைச் சாலையில் கம்பளக் கடை. தாத்தா சிரியாவிலிருந்து ஒரு மூட்டைக் கம்பளத்தோடு இந்த ஊரில் வந்து இறங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. என் மாமா தௌஃபிக் தேவாலயக் காணிக்கைத் தட்டில் இருபது டாலர் போட்டால், பத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

அக்டோபர் மாதம். பளபளக்கும் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் அட்டைப் பெட்டியோடு கடைக்குள் வந்தாள். எங்கள் ஊர்க் கால்பந்து அணியான ஸ்டர்ஜன்ஸின் (அது ஓர் ஏரி மீன்) சியர்லீடர், ஆட்டத்துக்கு இடையே நடனமாடிக் கூட்டத்தை உற்சாகப்படுத்துபவள். ரொவீனா கஸ்மாரெக்.

"அடுத்த வருஷக் காலண்டர். பதினஞ்சு டாலர். அக்டோபர் மாசத்துல நான் இருக்கேன்," என்றாள் சிரித்தபடி.

"அப்ப உன்னைப் பாக்க ஒரு வருஷம் காத்திருக்கணும். பன்னிரண்டு," என்றேன்.

சிரித்தாள்.

எங்கள் தொழிலில் இது முக்கியமான தடயம். லாபம் இருக்கும்வரைதான் விற்பவன் முகத்தில் சிரிப்பு இருக்கும். அசல் விலையை நெருங்கும்போது முதலில் சிரிப்பு போகும். பிறகு இருமல் வரும், கடைசியில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வரும். இவள் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"பத்து."

சிரித்தாள்.

பின்னாலிருந்து மாமா கம்பளத்தை உதறியபடி முணுமுணுத்தார். "இன்னும் சிரிக்கிறா பாருடா. இன்னும் எறங்கும்."

கடைசியில் இரண்டு காலண்டர், பதினைந்து டாலர். எனக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று. போகும்போதும் சிரித்துக்கொண்டேதான் போனாள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

(அ) "அறுபதாயிரம் பேர் எழுந்து நின்று ஆர்ப்பரித்த அந்தக் கணத்தில் ரொவீனாவின் கண்களில் நீர்…" அழித்துவிட்டேன். படித்துக் காட்டியபோது அவள் சொன்னாள்: "அழுதா கண் மை கரையும். மை கரைஞ்சா இருபது டாலர் அபராதம். நான் எதுக்கு அழப் போறேன்?"

(ஆ) "உலகெங்கும் உழைக்கும் பெண்களின்…" இதை நானே அழித்தேன். மொத்த வியாபாரம் எனக்கு ஒத்துவராது.

(இ) "பல் வலித்தது." இது நிற்கும். உண்மை என்பதால் மட்டுமல்ல, மலிவாகவும் இருக்கிறது.

3

பல் வலித்தது. மார்ச் மாதம். பல் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு வெளியே போனார். உதவியாளர் முகமூடியோடு குனிந்து, என் வாய்க்குள் பஞ்சையும் எச்சில் உறிஞ்சும் குழாயையும் வைத்தாள்.

"கம்பளக் கடைதானே? காலண்டர் மாட்டியிருக்கீங்களா?"

தலையாட்டினேன்.

"அதை அணிகிட்டேருந்து ஒண்ணு பத்து டாலர்னு என் காசு குடுத்துதான் வாங்கணும். நூறு காலண்டர். வித்தா என் சமத்து, விக்கலைன்னா என் தலையெழுத்து. வாயை நல்லாத் திறங்க. நீங்க ரெண்டுக்குப் பதினஞ்சு குடுத்தீங்க."

காலண்டர் விற்ற அதே ரொவீனா. என்னால் சொல்ல முடிந்தது "ஆ" மட்டும்தான்.

"சொல்லியிருக்கலாமேன்னு கேக்குறீங்க. வாங்க வர்றவங்க கேக்குற விலையை எதிர்த்துப் பேசக் கூடாது, வாங்கினாலும் வாங்காட்டியும் சிரிப்பு மாறக் கூடாதுன்னு விதி. அணிக் கையேட்டுல ஒன்பதாம் பக்கம். துப்புங்க."

துப்பினேன். இத்தனை வருடப் பேரத்தில் நான் பதில் பேச முடியாமல் தோற்றது அன்றுதான். அவள் முகமூடி போட்டிருந்தாள். அப்போதும் சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.*

* வாசகர் இங்கே "கண்களில் தெரிந்தது" என்று ஒரு வரியை எதிர்பார்ப்பார். தெரியவில்லை.

4

வாய் மரத்த நிலையிலேயே தீர்மானித்தேன்: இதைக் கதையாக எழுத வேண்டும். (அந்த ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுப்பதுதான் எளிது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. நான் வளர்ந்த விதம் அப்படி.)

செவ்வாய்க்கிழமைகளில் கிளினிக் முடிந்து அவள் கடைக்கு வருவாள். சுருட்டி வைத்த கம்பளங்களின் மேல் உட்கார்ந்து பேசுவாள். நான் பச்சை அட்டை நோட்டில் குறித்துக்கொள்வேன். ஒத்திகை எத்தனை மணி, எந்த நாள், எப்போது விட்டார்கள். ஒத்திகைக்குக் கூலியும் கிடையாது, வருகைப் பதிவும் கிடையாது. அதனால் அவள் கைபேசியில் இருந்த பழைய செய்திகள், கிளினிக்கில் எடுத்த விடுப்புச் சீட்டுகள், பார்க்கிங் ரசீதுகள் எல்லாவற்றையும் பரப்பி வைத்துத் தேதி தேதியாகக் கோத்தோம். கதைக்கு நம்பகத்தன்மை வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு வருடத்துக்கு 425 மணி நேரம் வந்தது. ஆட்டத்துக்குத் தொண்ணூறு டாலர், பத்து ஆட்டம், தொள்ளாயிரம். முதல் வரியில் சொன்ன விலை இப்படி வந்ததுதான். அணி சொல்லும் கடையில்தான் முடி திருத்திக்கொள்ள வேண்டும். அந்தச் செலவு அவளுடையது. அதைக் கழித்தால் முதல் வரி இன்னும் மெலியும்.

"அணிக்கு அடையாளமா மீன் வேஷம் போட்டுக் குதிக்கிறானே கென்னி, அவனுக்கு மாசச் சம்பளம்," என்றாள் ஒருநாள். "மருத்துவக் காப்பீடு உண்டு. பல்லுக்குத் தனிக் காப்பீடும் உண்டு. மீனுக்கு. போன மாசம் எங்க கிளினிக்குக்குத்தான் வந்தான். நான்தான் சுத்தம் பண்ணி விட்டேன்."

"உனக்கு?"

"எனக்குச் சொத்தைப் பல்லே கிடையாது. சிரிக்கணும்ல."

குழுவின் பொறுப்பாளர் லொரெட்டா என்ற அம்மாளை வில்லியாக எழுதியிருந்தேன். கையில் எடைக் கருவியோடு வருவார். ஒரு பவுண்டு கூடினால் அந்த வார ஆட்டத்தில் இடம் கிடையாது, தொண்ணூறும் கிடையாது. ஆனால் அரங்க வாசலில் நின்று காலண்டர் விற்க வேண்டும். இவ்வளவும் நிஜம். ரொவீனா படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"லொரெட்டா மேடத்துக்கு ஏன் இவ்வளவு கூரான மூக்கு?"

"கெட்டவங்க இல்லையா?"

"அவங்க பதினோரு வருஷம் ஆடினவங்க. அப்போ ஆட்டத்துக்கு ரெண்டு டிக்கெட்டும் ஒரு தொட்டி பாப்கார்னும்தான் கூலி. எங்களுக்குத் தொண்ணூறு வாங்கிக் குடுக்கறதுக்கே மேல இருக்கறவங்ககிட்ட சண்டை போட்டாங்க. அது பெரிய தொகைன்னு நிஜமாவே நம்பறாங்க. மூக்கைச் சின்னதாக்குங்க."

சின்னதாக்கினேன். கதைக்குக் கஷ்டமாகிவிட்டது. சட்டை காலரைப் பிடிக்க ஓர் ஆள் கிடைக்காத கதையை எப்படி

(இந்த வாக்கியம் நின்றுவிட்டது. காரணம் ஆறாம் பகுதியில்.)

இன்னொரு சந்தேகமும் இருந்தது. அணியில் இது அவளுக்கு ஐந்தாவது வருடம். நஷ்டத்தில் யாராவது ஐந்து வருடம் வியாபாரம் செய்வார்களா? பாத்திரமே நம்பும்படி இல்லையே. கேட்டேவிட்டேன். "அப்புறம் ஏன் போறே?"

அவள் கிளினிக் காலணியோடு எழுந்து, கம்பள அடுக்குகளுக்கு நடுவே இருந்த ஆறடி இடத்தில் எட்டு எண்ணிக்கைக்கு ஆடினாள். எட்டாவதில் சுழன்று நின்றபோது மேலடுக்கிலிருந்து தூசி இறங்கியது. மாமா கையில் இருந்த காபியை மறந்துவிட்டுப் பார்த்தார். அந்த இடத்தில் என் சந்தேகம் தீர்ந்தது. அந்தச் சுழற்சியை எழுத ஏழு முறை முயன்று ஏழும் கிழிபட்டன.

5

ஏப்ரல். கதையில் இனி ஒரு கெடு வருகிறது, நான் வைத்ததல்ல.

மாநிலத் தொழிலாளர் துறையில் கூலிப் புகார் கொடுக்க ஒரு வக்கீல் மனு தயார் செய்திருந்தார். யாராவது ஒருத்தி தன் பெயரோடு முதல் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். மறுநாள் சனிக்கிழமை, அடுத்த பருவத்துக்கான தேர்வு. பழையவர்களும் புதியவர்களோடு வரிசையில் நின்றாக வேண்டும். ரொவீனாவுக்கு இருபத்தொன்பது வயது. இதுதான் கடைசிப் பருவம் என்று அவளுக்கே தெரியும்.

"கையெழுத்துப் போட்டதுக்காக வெளிய அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்கு," என்றாள். "அதனால அப்படிச் சொல்ல மாட்டாங்க. கால் சரியாத் தூக்கலன்னு சொல்லுவாங்க. வாசல்ல முந்நூறு பொண்ணுங்க நிப்பாங்க."

"அணி என்ன சொல்லுது?"

"நாங்க வேலைக்காரங்களே இல்லையாம். சுயதொழில் செய்றவங்களாம். அதனால கூலிச் சட்டம் செல்லாதாம்."

இதுவரை கணக்குப் புத்தகத்திலேயே முகத்தை வைத்திருந்த மாமா நிமிர்ந்தார். "ஒரு நிமிஷம்மா. சொந்தத் தொழில்னு சொல்றாங்க. விலையை நீ வைக்க முடியுமா?"

"முடியாது."

"பேரம் பேசலாமா?"

"கூடாது."

"முகத்தையாவது உன் இஷ்டத்துக்கு வெச்சுக்கலாமா?"

"கூடாது."

மாமா என் பக்கம் திரும்பினார். "அறுபது வருஷமா கடை வெச்சிருக்கேன். இப்படி ஒரு வியாபாரியை நான் பார்த்ததில்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அக்டோபர்ல நாம பேரம் பேசினது யார்கிட்டடா? கையைக் கட்டிப்போட்ட ஆள்கிட்ட."

6

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு வந்தாள். மனு கைப்பையில் இருந்தது. கையெழுத்து இன்னும் இல்லை.

"மணிக்கணக்குக்கு ஆதாரம் வேணும்னு வக்கீல் கேக்கறார். அந்தப் பச்சை நோட்டு வேணும்."

நோட்டில் என் கதை முழுக்க இருந்தது. பாதி எழுதிய வாக்கியங்கள், ஏரியின் நிறம், லொரெட்டாவின் இரண்டு மூக்குகள். "நகல் எடுத்துத் தரேன், திங்கட்கிழமை," என்றேன்.

"அஞ்சு மணிக்குள்ள வேணும். அசலே வேணும். அப்புறம் இன்னொண்ணு. பதினோரு மணி நேரம் இங்க உக்காந்து பேசியிருக்கேன். எனக்கு என்ன குடுக்கறீங்க?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "இது கதைம்மா. பத்திரிகையில வரும். எத்தனையோ பேர் படிப்பாங்க. உன்னைத் தெரிஞ்சுக்குவாங்க."

"லொரெட்டா மேடமும் இதைத்தான் சொன்னாங்க. அறுபதாயிரம் பேர் பாப்பாங்கன்னு."

 நான் மேசையை விட்டு எழுந்திருக்கலாம், மனிதனாக. உட்கார்ந்தே இருந்தேன், வியாபாரியாக.

"நாப்பது டாலர்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.

ஆறு மாதத்தில் அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அப்போதுதான். கோபமும் இல்லை. விலை வருவதற்காகக் காத்திருக்கிற முகம். இடது பக்க உதடு சற்றுக் கீழே இறங்கியிருந்தது. அதுதான் அதன் இயல்பான இடம் போலிருக்கிறது.

"அறுபது."

காத்திருந்தாள்.

"எண்பது. சரி, நூறு."

"டேய்," என்றார் மாமா தாழ்ந்த குரலில், "அவ வாயே திறக்கல. நீயே உன்கூடப் பேரம் பேசிட்டிருக்க."

"மணிக்குப் பத்தரை டாலர்," என்றாள் ரொவீனா. "இந்த மாநிலத்துல சட்டம் சொல்ற கூலி. பதினோரு மணி. நூத்திப் பதினஞ்சு டாலர் அம்பது சென்ட். மேல ஒரு சென்ட்டும் வேணாம், கீழயும் வேணாம். அதோட நோட்டு."

எண்ணிக் கொடுத்தேன். நோட்டையும் கொடுத்தேன். ஐந்து டாலர் தாள் ஒன்றை அதன் மேல் வைத்தேன். "காலண்டருக்கு."

அதை மட்டும் எடுத்து மேசையில் திருப்பி வைத்தாள். "இது உங்க கணக்குலயே நிக்கட்டும். ஒவ்வொரு மாசமும் தாளைத் திருப்புவீங்கல்ல, அப்ப ஞாபகம் வரும்."

சுவரில் ஏப்ரல் மாதம் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண், அதே சிரிப்பு.

மணி நாலே முக்கால். கதவைத் திறந்துகொண்டு ஏரிக்கரைச் சாலையில் இறங்கினாள். வக்கீல் அலுவலகம் இடது பக்கம். அரங்கம் வலது பக்கம். கார் நிறுத்திய இடமும் வலது பக்கம்தான், அதனால் அவள் வலது பக்கம் திரும்பினாள் என்பதை வைத்து நீங்கள் எதையும் முடிவு கட்ட முடியாது.

7

நோட்டு கையில் இல்லாததால் இதை ஞாபகத்திலிருந்து எழுதினேன். நடுவில் ஒரு வாக்கியம் அறுந்து கிடப்பதற்கு அதுதான் காரணம். உத்தி என்று யாராவது பாராட்டினால் மறுக்க மாட்டேன்.

இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் கையெழுத்துப் போடுகிறாள். சனிக்கிழமை வரிசையில் முந்நூறு பேருக்கு நடுவே நிற்கிறாள். லொரெட்டா பெயர்ப் பட்டியலைப் பார்க்கிறார், பிறகு அவள் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கிறார்… இன்னொன்றில் மனு கைப்பைக்குள்ளேயே மடிந்து கிடக்கிறது. அக்டோபரில் அவள் மறுபடி பெட்டியோடு வருகிறாள். நான் பதினைந்து டாலரைப் பேசாமல் எடுத்து நீட்டுகிறேன். இரண்டாவதில் நான் நல்லவனாகத் தெரிந்தேன். அதனாலேயே அதை நம்பவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளைக் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை நாலு மணியிலேருந்து அஞ்சு மணி வரைக்கும் இருக்கறது பன்னிரண்டாவது மணி," என்றாள் தொலைபேசியில். "நீங்க வாங்கினது பதினொண்ணு. மூணு பேஷன்ட் காத்திருக்காங்க, வைக்கறேன்."

எந்த முடிவு வேண்டுமோ அதை நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவளிடம் கேட்டு வாங்குவதானால் சொன்ன விலையைக் கொடுங்கள்.

கணக்கு:

காலண்டர் இரண்டு, அவளுக்கு அசல் விலை: 20.00
நான் கொடுத்தது: 15.00
பேச்சு, பதினோரு மணி நேரம்: 115.50
நான் கொடுத்தது: 115.50
பச்சை நோட்டு ஒன்று: ஒப்படைக்கப்பட்டது
பன்னிரண்டாவது மணி: வாங்கப்படவில்லை
நான் தர வேண்டிய பாக்கி: 5.00