கதவு, நடுவிலான், சுளகு

எடை எவ்வளவு என்று நான் ஒருவரிடமும் கேட்பதில்லை. கேட்டால் எங்கள் ஆட்கள் கண்ணூறு பட்டுவிடும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வெள்ளைக்காரர்களோ சிரித்துக்கொண்டே பொய் சொல்வார்கள். அதனால் ஈர மணலில் கொஞ்சத் தூரம் நடந்து காட்டச் சொல்வேன். கால் எவ்வளவு ஆழம் பதிகிறது, பாரம் குதியில் விழுகிறதா விரலில் விழுகிறதா என்று குனிந்து பார்த்தால் எந்தப் பலகை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உப்புவெளிக் கடற்கரையில் எனக்கும் என் தம்பி யோகலிங்கத்துக்கும் ஒரு ஓலைக் கொட்டில் இருந்தது. சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் கொண்டாடிய காலத்தில் வேலைக்கு வந்த ஒரு ஒல்லாந்துக்காரன், ஊருக்குத் திரும்பும்போது மூன்று பலகைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். வேக்சேர்ஃப் என்பான் அந்த விளையாட்டை. படகு மெதுவாகப் போகும், அதன் பின்னால் ஒரு அலை எழும்பும். கயிற்றைப் பிடித்துப் பலகையில் எழுந்து நின்றவர், பிறகு கயிற்றை விட்டுவிட்டு அந்த அலையிலேயே வழுக்கிக்கொண்டு வருவார். படகு கிண்ணியா அபூதாஹிர் நானாவுடையது. எஞ்சின் உள்ளுக்குள் இருக்கிற பழைய படகு. வெளியே தொங்குகிற எஞ்சின் என்றால் பின்னால் வருகிறவரின் காலை வெட்டிவிடும். அலை உயரமாக எழும்பட்டும் என்று படகின் பின்புறம் ஒரு பக்கமாக மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தோம். ஆமிக்காரர் கைவிட்டுப் போன காவலரண் ஒன்றில் கிடந்த மூட்டைகள். எங்கள் ஊரில் மணல் மூட்டைக்கா பஞ்சம்?

பலகைகளுக்கு நான்தான் பெயர் வைத்தேன். பெரியதும் தடித்ததும் கதவு. பாரமான ஆட்களையும், முதல்முதல் ஏறுகிறவர்களையும் அது தாங்கும். நடுத்தரமானது நடுவிலான். மெல்லியதும் குட்டையுமானது, அரிசி புடைக்கிற முறம் மாதிரி இருக்கிறது, சுளகு. இலேசான ஆளாகவும் இருக்க வேண்டும், கால் பழகியவராகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுளகு ஆளைத் தூக்கி எறிந்துவிடும். பார்க்க வடிவானதும் அதுதான், வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் தொடுவார்கள். எந்தக் கால் முன்னால் நிற்க வேண்டும் என்பது இன்னொரு சங்கதி. கேட்டால் எல்லோரும் வலது கால் என்பார்கள். ஆளைப் பேச்சில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து சடாரென்று ஒரு தள்ளுத் தள்ள வேண்டும். விழாமல் இருக்க எந்தக் கால் முன்னே ஓடுகிறதோ அதுதான் அந்த ஆளின் கால்.

இரண்டாயிரத்து ஐந்து ஆவணியில் அவசரகாலச் சட்டம் திரும்பி வந்தது. சமாதானம் கடதாசியில் கிடந்தது. எங்கள் வீடு இருந்த லிங்கநகரில் ஒருநாள் விடிய ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்து இளம் ஆண்கள் எல்லோரையும் லொறியில் ஏற்றினார்கள். பின்னேரம் எல்லோரும் வீடு வந்தார்கள், என் தம்பி மட்டும் வரவில்லை. கடலில் படகோட்ட முகாம் கொடுத்த அவனுடைய பாஸில் படகோட்டி என்று இருந்ததாம். படகோட்டி என்றால் இயக்கத்துக்கு எதையெல்லாம் ஏற்றியிருப்பான் என்று விசாரிக்கிறார்களாம். அம்மாவும் அப்பாவும் போன பிறகு நான் சோறு தீத்தி வளர்த்த பிள்ளை அவன். அடுத்த நாள் காலை முகாம் வாசலில் போய் நின்றேன். கப்டன்தான் விட வேண்டும், கப்டன் இல்லை, நாளைக்கு வா என்றான் வாசலில் நின்றவன். நாளைக்கு வா என்று சொல்லி நாளையே வராமல் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். கொட்டிலுக்குத் திரும்பி வந்தேன்.

வெயில் சாயத் தொடங்கியபோது அபூதாஹிர் நானா மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"புள்ள, கப்டன் வாறார். இஞ்சதான் வாறார். பொஞ்சாதியோட. பலகையில ஏறி விளையாட வேணுமாம்."

"என்ன?"

"கத்தாத. உன்ட தம்பிட உயிர் அவர்ர கையில இருக்கு. நான் கதைக்கிறன், நீ வாய மூடிட்டு இரு."

வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆளைப் பார்த்துத்தான் சொன்னார்!

கப்டன் அரைக்காற்சட்டையோடு வந்தார். பெரிய உடம்பு. பக்கத்தில் அவருடைய பொஞ்சாதி, மெலிந்த, சிரித்த முகமான ஒரு சிங்கள நோனா. பின்னால் துவக்கோடு இரண்டு ஆமிக்காரர். கப்டன் நேரே போய்ச் சுளகைத் தூக்கினார்.

"அது உங்களைத் தாங்காது," என்றேன்.

நானா அதைச் சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் அரைகுறை, ஆனால் நானா ஒரு வசனத்துக்குள் எத்தனை தரம் 'சேர்' போட்டார் என்று கேட்கத் தெரியும். கப்டனின் முகம் இறுகியது. நோனா எங்களைப் பார்த்து, அப்படியென்றால் பலகையை எப்படித் தெரிவு செய்வது என்று கேட்டா. மணலில் நடக்கச் சொன்னேன். அவ சின்னப்பிள்ளை மாதிரி நடந்து காட்டினா. அடி மெல்லியதாக, விரல்களில் பாரத்தோடு பதிந்தது.

"இவவுக்கு நடுவிலான். முன்னுக்குச் சாயிற ஆள், கொஞ்சம் பின்னுக்கு நிக்கச் சொல்லுங்கோ."

அடுத்து கப்டன் நடந்தார். குதி மணலைக் குழி தோண்டிவிட்டுப் போனது.

"கதவு," என்றேன். "குதியில நிக்கிற ஆள், பின்னுக்குத்தான் விழுவார்."

கப்டன் சுளகைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் முதுகைக் காட்டி நானாவோடு ஏதோ கதைத்தார். அந்த முதுகு எனக்கு நேரே இருந்தது. எந்தக் கால் என்று பார்க்க வேண்டியதுதானே. பழக்கம் பாதி, ஆத்திரம் பாதி. இரண்டு கையையும் விரித்து வைத்துத் தள்ளினேன்.

அவர் தடுமாறி முன்னால் ஓடினார். எனக்குப் பின்னால் இரண்டு துவக்கும் 'சடக்' என்றன. ஒன்றின் வாய் என் கழுத்தில் குளிர்ந்தது.

"சேர்! சேர்! சேர்!" நானா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சிங்களத்தைக் கொட்டினார். கால், பலகை, வெள்ளைக்காரன், வழக்கம், பாவம், பொம்பிளை, இந்தச் சொற்கள்தான் எனக்குப் பிடிபட்டன. நான் அசையவில்லை. அசைந்தால் சுடுவான் என்ற பயத்தில் மூச்சைக்கூட விடவில்லை. இப்படி நான் செத்தால் தம்பிக்கு யார் போய் வாசலில் நிற்பது என்றுதான் நினைத்தேன்.

முதலில் சிரித்தது நோனா. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா, பிறகு பொத்தாமல் சிரித்தா. கப்டன் தன் காலைக் குனிந்து பார்த்தார்.

"இடது?" என்று தமிழில் கேட்டார்.

"ஓம், இடது."

அவர் கையை அசைத்ததும் கழுத்திலிருந்த குளிர் விலகியது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, பயந்து போனேனே என்று என்மேலேயே ஆத்திரம்.

"சரி, படகு," என்றார் கப்டன்.

"படகு இருக்கு. ஓட்ட ஆளில்லை."

அவர் நானாவைக் காட்டினார். நானா ஏலாது என்று தலையை ஆட்டினார். பாஸில் பெயர் உள்ளவனைத் தவிர வேறு யாரும் எஞ்சினைத் தொடக் கூடாது என்று முகாமே போட்ட சட்டம். நானா சொந்தக்காரர், அவ்வளவுதான். பெயர் தம்பியுடையது.

"அப்ப அந்த ஆளைக் கூப்பிடச் சொல்லுறார்," என்றார் நானா.

"கூப்பிடட்டும். அவர்ர முகாமிலதான் இருக்கிறான். அவனைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு இஞ்ச வந்து விளையாட்டுக் கேக்குதோ எண்டு கேளுங்கோ நானா!"

நானா என்னை முறைத்தார். பிறகு கப்டனைப் பார்த்துச் சிரித்தபடி நீளமாக ஏதோ சொன்னார். நான் சொன்னதில் பாதிகூட அதில் இருந்திருக்காது. பெயர் மட்டும் எனக்குக் கேட்டது. யோகலிங்கம். அந்தப் பெயரைக் கேட்டதும் கப்டனின் கண் ஒருதரம் சுருங்கியது. நோனா அவருடைய கையைப் பிடித்து இழுத்து, படகைக் காட்டி ஏதோ கெஞ்சினா. அவர் யோசித்தார். பிறகு வோக்கிடோக்கியில் இரண்டு சொல் சொன்னார்.

"கொண்டு வருவினமாம்," என்று நானா என் காதுக்குள் சொன்னார். "சவாரி முடிஞ்சதும் திருப்பிக் கொண்டு போவினமாம். நீ அழாத புள்ள, முகத்தையாவது பாப்பம்."

"நான் அழேல்லை," என்றேன். அழுதுகொண்டுதான் இருந்தேன்.

காத்திருந்த நேரம் முழுவதும் நோனாவுக்கு விளையாட்டு. மணலில் அடி பார்ப்பது அவவுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. நானாவின் அடியைப் பார்த்து நடுவிலான் என்றா. சப்பாத்துப் போட்ட துவக்குக்காரர்களின் அடியைப் பார்த்துக் குழம்பி என்னைக் கேட்டா. என் அடியைப் பார்த்துக் கதவு என்று சொல்லிவிட்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சிரித்தா. நல்ல மனுசி, பிழை சொல்ல ஏலாது. ஆனால் எனக்கு அவவோடு சிரிக்க வரவில்லை. என் கண் ரோட்டிலேயே இருந்தது.

ஜீப் வந்து தென்னைகளுக்குக் கீழே நின்றது. தம்பி இறங்கினான். அவனுக்கு முகத்தில் காயமில்லை, கை கால் எல்லாம் இருந்தன. அப்பாடா என்றிருந்தது எனக்கு. கையைத் தூக்கிக் காட்டினான். காய்ந்த மணலில் மெல்ல மெல்ல நடந்தான், பிறகு ஈர மணலுக்கு வந்தான். ஒரு துவக்குக்காரன் பின்னாலேயே வந்தான்.

"என்னடா செய்தவங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை அக்கா. சும்மா விசாரிச்சவை." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "எங்க கயிறு? மூட்டையெல்லாம் சரியா அடுக்கிக் கிடக்கோ?"

நோனா கைதட்டிக்கொண்டு ஓடி வந்தா. இவருக்கு எது என்று நான் சொல்கிறேன் என்கிற மாதிரி விரலை ஆட்டினா. அவன் நடந்து வந்த வழியில் குனிந்து பார்த்தா. நானும் பார்த்தேன்.

குதி இல்லை. ஒரு அடியில்கூட இல்லை. விரல் நுனிகளும் வெளிப்பக்கத்து ஓரமும் மட்டும் பிறை மாதிரிப் பதிந்திருந்தன. உள்ளங்கால் மணலில் படவே இல்லை. சில இடத்தில் விரல்கள் மணலைக் கிண்டிப் பற்றியிருந்தன, வலியை அடக்கினால் அப்படித்தான் பற்றும்.

நோனா அடுத்த அடிக்குப் போனா. அதற்கடுத்ததற்குப் போனா. நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தன் குதியைத் தொட்டுக் காட்டினா, ஏன் இல்லை என்று. நான் தம்பியின் பக்கம் திரும்பினேன். அவ தம்பியின் கால்களைப் பார்த்தா. அவன் இரண்டு பாதத்தையும் ஓரமாகச் சாய்த்து, உள்ளங்கால் நிலத்தில் படாமல் நின்றுகொண்டிருந்தான். பிறகு அவ தன் புருசனைப் பார்த்தா.

கப்டன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நோனா நடுவிலானைத் தூக்கிக் கொட்டில் சுவரில் சாய்த்து வைத்தா. அவரிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னா. கெதர என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. வீடு. அவர் தலையை அசைத்து மறுத்தார். அவ திரும்பவும் அதே சொல்லைச் சொன்னா, இந்த முறை துவக்குக்காரர்களுக்கும் கேட்கும்படி. அவருக்குக் கோபம் வந்தால் அவனை ஜீப்பில் ஏற்ற எவ்வளவு நேரமாகும்! நானா வாய்க்குள் ஓதத் தொடங்கினார்.

கப்டன் திரும்பாமலேயே ஒரு சொல் சொன்னார். தம்பிக்குப் பின்னால் நின்றவன் சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்து நானாவிடம் நீட்டினான்.

"வீட்டுக்குப் போகட்டுமாம்," என்றார் நானா. "விட்டுட்டார் புள்ள. அல்லாஹ்வே, விட்டுட்டார்."

நோனா முன்னால் போய்விட்டா, எவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. கப்டன் அவவுக்குப் பின்னால் நடந்தார். வழியில் கிடந்த அந்தப் பாதி அடிகளை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

ஜீப் மறைந்த பிறகுதான் தம்பி உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்ன, சரிந்தான். உள்ளங்கால்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி வெடித்திருந்தன. என் வாயில் வந்த தூசண வார்த்தை எல்லாவற்றையும் சொல்லி அந்தக் கடலுக்குக் கேட்கத் திட்டினேன். இனி ஒரு அடியும் நடக்க அவனுக்கு ஏலாது, ஓட்டோ ரோட்டில்தான் நிற்கும்.

"பலகையில வைச்சுத் தூக்குவம்," என்றார் நானா. "ஆள் இலேசு. நடுவிலானே போதும்."

எடைக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். நான் போய்க் கதவை எடுத்துக்கொண்டு வந்தேன்.