பதினேழாம் விளக்குக் கம்பம்

அந்த நகரத்து மாரத்தானுக்கு இது முப்பதாவது வருடம். பாலம் திறந்த சந்தோஷத்தில் யாரோ நாலு பேர் ஆரம்பித்து வைத்தது. முதல் வருடம் ஓடியவர்கள் அறுபத்து மூன்று பேர். வேடிக்கை பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. இப்போது பன்னிரண்டாயிரம் பேர் ஓடி, ஊர்ப் போக்குவரத்தையே நிறுத்தி, வண்டிக்காரர்களிடம் வாய் நிறையத் திட்டு வாங்குகிறார்கள். முதல் ஐந்து வருடத்துக்குப் பிறகு ரோடு வேலை வந்து பாதை ஆற்றோரம் போய்விட்டது. முப்பதாவது வருடத்துக்குப் பழைய பாதையிலேயே ஓடலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. அதை அளந்து கையெழுத்துப் போடும் வேலை அங்குலத்தின் தலையில் விழுந்தது.

அங்குலம் என்பது நில அளவைத் துறையில் வேலை பார்க்கும் பெண்ணுக்குக் குடும்பம் வைத்த பட்டப்பெயர். பீரோ வாங்கப் போனாலும் கடைக்காரர் சொன்ன அளவை நம்பாமல் பையிலிருந்து டேப்பை எடுப்பவள். எட்டு வருடமாக மாரத்தான் பாதையை அவள்தான் அளக்கிறாள். சைக்கிளின் முன்சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் சின்னக் கருவி இருக்கும். முந்நூறு மீட்டர் நேர் ரோட்டை இரும்பு டேப்பால் அளந்து, அதன் மேலேயே சைக்கிளை ஓட்டிச் சக்கரத்தின் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். வெயில் ஏறினால் டயர் உப்பிக் கணக்கு மாறிவிடும் என்பதால் எல்லாம் காலையிலேயே நடக்கும். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பவர் ஒரு தபால்காரர். அவருக்குப் பட்டப்பெயர் பதினொன்று.

அந்தப் பெயரை வைத்தது அங்குலத்தின் அண்ணன். ஐந்தாவது வருடப் போட்டியில் அண்ணன் இரண்டு மணி இருபத்தொரு நிமிடம் எட்டு நொடியில் ஓடி ஜெயித்தான். இரண்டு வருடம் கழித்துத் தபால்காரர் புதுப் பாதையில் ஜெயித்தார்; ஆனால் பதினொரு நொடி கூடிவிட்டது. பிறகு யாரும் கிட்டே வரவில்லை. சாதனை இருபத்தைந்து வருடமாக அண்ணனுடையதுதான். அவன் நடத்தும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பெயரே 'சாதனைக் கண்ணாடியகம்'. தபால்காரர் கடிதம் கொடுக்கப் போகும்போதெல்லாம், "வாப்பா பதினொண்ணு" என்று வாடிக்கையாளர் காது கேட்கக் கூப்பிடுவான். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கிப் போவார்.

பழைய பாதையில் ஒரு நீளமான தெரு. அதன் கோடியில் வைத்த டிரம்மைச் சுற்றித் திரும்ப வேண்டும். பதினெட்டாம் விளக்குக் கம்பம் என்று பழைய காகிதத்தில் இருந்தது. அடையாள ஆணியும் அங்கே நடைபாதைக் கல்லில் துருப்பிடித்துக் கிடந்தது. தூரம் கச்சிதமாகப் பொருந்தியது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பி வரும்போது பதினேழாம் கம்பத்தருகே பிரேக் பிடித்தாள். எதிரே ஒரு சலவைக் கடை, மூன்று படிகள், மேலே வட்ட ஜன்னல்.

அந்தப் படிகளை அவளுக்கு நன்றாகத் தெரியும். டிரம்மைச் சுற்றி அண்ணன் திரும்பும் போட்டோ அவன் கடையில் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. அவன் காலுக்குப் பின்னால் இருப்பவை இதே மூன்று படிகள். பதினெட்டாம் கம்பத்தின் எதிரே வெறும் பள்ளிக்கூட மதில்தான். கம்பத்துக்குக் கம்பம் நாற்பது மீட்டர்; போக வர எண்பது. அண்ணன் ஓடிய வேகத்துக்குப் பதினாறு நொடி. கேட்காமலே மனசு கணக்குப் போட்டுவிட்டது.

"என்ன தங்கச்சி, டயர்ல காத்து இறங்கிடுச்சா?" என்றார் தபால்காரர்.

"ஒண்ணுமில்லண்ணே," என்று ஏறி மிதித்தாள்.

கடையில் அண்ணன் ஒரு கண்ணாடிக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தான். வாடிக்கையாளர் போகும்வரை காத்திருந்தாள்.

"அண்ணா, அந்தப் படத்தைக் கொஞ்சம் இறக்கு."

"எதுக்கு?"

"கம்பத்து நம்பர் பார்க்கணும்."

போட்டோவைச் சுற்றி அகலமான வெள்ளை அட்டை வைத்துச் சட்டம் போட்டிருந்தது. கம்பத்தின் நம்பர் இருக்க வேண்டிய இடம் அட்டைக்கு அடியில் போயிருந்தது. அண்ணன் ஏணியைத் தேடவில்லை.

"பதினேழு," என்றான். "அட்டை நான்தான் போடச் சொன்னேன். படியையும் மறைச்சிருப்பேன், என் கால் வெட்டுப்படும்னு விட்டுட்டேன்."

"தெரிஞ்சேவா?"

"ஓடும்போதே தெரியும். பழகின பாதையாச்சே. டிரம்மை யாரோ மாத்தி வச்சுட்டாங்க. எல்லாரும் அங்கதானே திரும்பினாங்கன்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு அவன் ஓடினப்பதான் பயம் வந்துச்சு."

"பயந்தவன்தான் அவருக்குப் பேர் வச்சியா?"

அண்ணன் திருகாணியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த அண்ணனைக் காட்டித்தான் பள்ளிக்கூடத்தில் அவள் பெருமையடித்திருக்கிறாள்.

"வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடணும். நான் உள்ளதைத்தான் எழுதுவேன்."

"எழுது. ஆனா அவன்கிட்ட நான் சொல்றேன்."

மறுநாள் காலை, சைக்கிளைச் சரிபார்க்கும் அந்த முந்நூறு மீட்டர் ரோட்டுக்கு அண்ணனும் வந்து நின்றான். இரும்பு டேப் இறுக்கமாக இழுபட்டிருந்தது. அவள் 'விடுங்க' என்று சொல்லாமல் தபால்காரர் முனையை விடமாட்டார். குனிந்தபடியே இருந்த மனிதரிடம் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். டேப் துளிகூட ஆடவில்லை.

"நானும் அந்த வருஷம் ஓடினேன்," என்றார் தபால்காரர். "மூணாவதா வந்தேன். நானும் அதே டிரம்லதான் திரும்பினேன்."

"உனக்குத் தெரியுமா? ஏன்டா சொல்லல?"

"தோத்தவன் சொன்னா வயித்தெரிச்சல்னுதானே சொல்லியிருப்பே."

மறுமுனையில் அங்குலம் படித்த அளவையே மறுபடி படித்தாள்.

"பதினாறு நொடி," என்றார் தபால்காரர். "அப்பவே கணக்குப் போட்டு வச்சுட்டேன். நியாயமா ஓடியிருந்தா நீ எனக்கு அஞ்சு நொடி பின்னாடி." பிறகு தன் விரலுக்கு அடியிலிருந்த முனையைக் கண்ணால் காட்டினார். "எனக்கு முதுகு வலிக்குது. இங்க வந்து இதைப் பிடி, அஞ்சு. தங்கச்சி சொல்ற வரைக்கும் விடாதே."

அண்ணன் மண்டியிட்டு முனையை வாங்கிக்கொண்டான்.