உள்பக்கம் துடைத்த கண்ணாடி

அந்த நீச்சல் குளத்தில் அவனைப் பளபளப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். தரை, ஓடு, குழாய், கதவுக் கைப்பிடி என்று எதில் கறை தெரிந்தாலும் இடுப்பில் செருகிய துணி தானாக வெளியே வந்துவிடும். பதினெட்டு வருடமாக அங்கே துப்புரவு வேலை பார்த்த பழக்கம். வீட்டில் சாப்பாட்டுத் தட்டைக்கூட ஒரு தரம் துடைத்துவிட்டுத்தான் கை வைப்பான்.

அவன் மனைவிக்கும் அங்கேதான் வேலை, பெண்கள் உடை மாற்றும் அறையில். துண்டு மடிப்பாள், ஈரம் தள்ளுவாள். காலையில் கதவு திறக்குமுன் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில், இரண்டு வருடமாக விழுந்து எழுந்து தானே நீந்தப் பழகியிருந்தாள். பெண்கள் நீந்தும் நேரத்துக்கு ஓர் உயிர்காப்பாளர் வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினதும் முதல் ஆளாய்ப் போய்ப் பெயர் கொடுத்தாள்.

"ஆக, நீ மேல நாற்காலியில உக்காந்து விசில் ஊதுவ. நான் கீழ கக்கூஸ் கழுவணும். நல்லாத்தான் இருக்கு நியாயம்!" என்றான் அவன், எல்லார் முன்னாலும். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் வாயால் மட்டும் சிரித்தாள்.

தேர்வு இதுதான். குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, நிற்காமல் பத்து நீளம் நீந்த வேண்டும். முடித்த கையோடு முங்கி, ஆழப் பக்கம் அடியில் கிடக்கும் ஐந்து வெள்ளை வளையங்களையும் இரண்டு நிமிடத்துக்குள் பொறுக்கி வர வேண்டும். அந்தத் தண்ணீரில் போடும் மருந்து அவள் கண்ணுக்கு ஆகாது. திறந்தால் மிளகாய் பட்ட மாதிரி எரியும். அதனால் இருவரும் நீச்சல் கண்ணாடி வாங்கப் போனார்கள்.

"பட்டையைத் தலையில மாட்டாதீங்கம்மா. வெறுமனே கண்ணு மேல வெச்சு லேசா அமுக்கிட்டுக் கையை விடுங்க" என்றார் கடைக்காரர்.

முதல் ஜோடி கையை விட்டதும் விழுந்தது. இரண்டாவது மூக்குத் தண்டைக் கடித்தது. மூன்றாவது, கையை எடுத்த பிறகும் மூன்று மூச்சு நேரம் முகத்தைக் கவ்விக்கொண்டு நின்றது.

"இது உங்க மூஞ்சிக்குன்னே பொறந்தது. கூரைக்குள்ளதானே நீந்துறீங்க, கறுப்பு வேணாம், வெள்ளையே எடுங்க. நீந்தி முடிச்சதும் நல்ல தண்ணியில அலசி, உதறி, நிழல்ல காய வைங்க. உள்பக்கம் மட்டும் விரலே படக்கூடாது. ஆவி படியாம இருக்க ஒரு பூச்சு பூசியிருக்கு. அது போனா எல்லாம் போச்சு."

அவள் தலையாட்டிக் கேட்டாள். அவன் கடை மேசையில் ஒட்டியிருந்த பழைய பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

தேர்வன்று காலையில் அவள் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சன்னல் ஓரத்தில் காய வைத்திருந்த நீச்சல் கண்ணாடியில் தண்ணீர் காய்ந்த வெள்ளைப் புள்ளிகள் அவன் கண்ணில் பட்டன. துணி வெளியே வந்தது. முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்குப் போடும் மருந்தைத் தொட்டு, வெளியே, உள்ளே, மூலை முடுக்கெல்லாம் கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தான். நம்மால் ஆன ஒரு நல்லது என்று நினைத்தான். அப்படி நினைத்ததாகத்தான் இன்றைக்கும் சொல்கிறான்.

கடைசி ஆளாக அவள் இறங்கினாள். ஆறு நீளம் வரை தண்ணீரை அறுத்துக்கொண்டு போனாள். ஏழாவதில் தடம் பிரிக்கும் கயிற்றில் மோதினாள். பத்தையும் முடித்து முங்கியபோது, இருட்டில் தீப்பெட்டி தேடுகிறவள் மாதிரி அடித்தரையைத் தடவினாள். கடைசியில் கண்ணாடியைப் பிடுங்கிக் கழுத்துக்குத் தள்ளிவிட்டுத் தேடினாள். நேரம் முடிந்த விசில் கேட்டு மேலே வந்தபோது கண் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்திருந்தன.

"நாலு" என்று எழுதிக்கொண்டார் மேலாளர். வேலை வேறொருத்திக்குப் போனது.

"கடைக்காரன் ஏமாத்திட்டான். வா, சும்மா விடக்கூடாது!" என்று குதித்தவன் அவன்தான்.

கடைக்காரர் கண்ணாடியை வாங்கி உள்ளே ஊதினார். முழுக்க வெள்ளையாய்ப் பூத்தது. மோந்து பார்த்தார்.

"உள்பக்கம் யாரு துடைச்சது? மருந்து வாசம் வருது. அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா."

அவள் கடைக்காரரைப் பார்க்கவில்லை, புருஷன் கையைப் பார்த்தாள். அந்தக் கை அப்போதும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

தெருவுக்கு வந்த பிறகு கேட்டாள்: "தெரிஞ்சுதான் பண்ணீங்களா?"

"உன் மேல சத்தியமா தெரியாது. அவர் சொன்னது என் காதுல விழல."

"நான் நாற்காலியில உக்காந்தா நீங்க கீழ நிக்கணுமேன்னு சொன்னீங்க."

"அது சும்மா சிரிப்புக்கு."

"ஆமா. எல்லாரும் சிரிச்சாங்க."



இரண்டு நாள் கழித்துக் குளத்தை வடித்தார்கள். தேய்க்க இறங்கியவன் கண்ணில், ஆழப் பக்கத்து மூலையில், வெள்ளை ஓட்டின் மேல் வெள்ளையாக அந்த ஐந்தாவது வளையம் பட்டது. எடுத்தான். துடைத்தான். உடை மாற்றும் அறை வாசலில் நின்று குரல் கொடுத்து, அவள் மடித்து வைத்திருந்த துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

அவள் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத் துடைச்சிருக்கீங்க" என்றாள். அடுத்த துண்டை எடுத்து உதறினாள்.